பதினைந்தாயிரம் ரூபாய் அபராதமும் ஒரு பால்பவுடர் டப்பாவும்

என் பேரில் இருக்கும் டிவிஎஸ் எக்ஸெல் வண்டிக்கு 15,000 ரூபாய் அபராதம் நிற்கிறது என்று உச்சிப்புளி இ-சேவை மையத்துப் பையன் சொன்னபோது, வண்டியை விற்றாலே அவ்வளவு வருமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஏழு வருஷத்து வண்டி. பின்னால் மீன் பெட்டி கட்டிக் கட்டி, உப்புத் தண்ணி வடிந்து, மட்கார்டு பாதி துருப்பிடித்துப்போனது. அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

விடியுமுன் பாம்பனில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, வேதாளை, இருமேனி, பெருங்குளம் என்று தெருத் தெருவாக விற்றுவிட்டு பத்து மணிக்கு வீடு திரும்புவேன். நகரை, காரல், சூடை, கிடைத்த அன்றைக்கு நண்டு. வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மகனுக்கு பத்தொன்பது வயது, ராமநாதபுரத்தில் கல்லூரி. மகளிர் குழுவில் நான் பிரதிநிதி. கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கும். பத்துப் பைசா விடாமல் ஊர்க் கணக்கு எழுதுகிற எனக்கு என் வண்டிக் கணக்கு தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. வண்டி வாங்கிய அன்று கொடுத்த செல்போன் நம்பர் வீட்டுக்காரரின் பழைய நம்பர். அந்த சிம் கடலில் விழுந்து பல வருஷம் ஆகிறது. சலான் போட்டால் வரும் குறுஞ்செய்தியெல்லாம் அந்த நம்பருக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதாவது மீனுக்குத்தான். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும், ஆர்சி புத்தகத்தோடு இணைத்த நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பையன் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் குழு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ஹெல்மெட் இல்லாமல் போனது, நவம்பரில், 1,000. அது நான்தான். ஜனவரியில் மறுபடி ஹெல்மெட், இன்னொரு 1,000. அதுவும் நான்தான். இரண்டு தடவையும் நிறுத்தியவர் கருவியில் தட்டியது ஞாபகம் இருக்கிறது. கையில் பணமாக வாங்கவில்லை என்பதால் எச்சரித்து விட்டுவிட்டார் என்று நானே நினைத்துக்கொண்டேன். மார்ச் தொடக்கத்தில் இன்சூரன்ஸ் முடிந்த வண்டியை ஓட்டியதற்கு 2,000. கடைசியாக ஒரே சலானில் 11,000.

அந்தப் பதினோராயிரம் மகனுடையது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், கூட்டாளிகள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு தேவிபட்டினம் போயிருக்கிறான். மூன்று பேர் போனதற்கு 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அவனுக்கு 5,000. லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்ததற்கு எனக்கு 5,000. வண்டியை அன்று ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் நான் போய் ஆர்சி காட்டி எடுத்து வந்தேன். திட்டி அனுப்பியதோடு விஷயம் முடிந்தது என்று இருவரும் நம்பினோம். அவன் மூச்சு விடவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் எனக்கு உறைத்தது அந்த மூன்றாவது தொகைதான். வண்டி என் பேரில் இருந்தால், லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுத்து அவர் பிடிபட்டால் ஒரு பங்கு எனக்கு வரும். அவனுக்குப் பதினெட்டு ஆகியிருந்ததால் இதோடு போயிற்று. பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். நம் மாநிலத்தில் 2022 அக்டோபரில் புதிய தொகைகள் நடப்புக்கு வந்தன. அதற்கு முன்னால் நூறு ரூபாயாக இருந்த ஹெல்மெட் அபராதம் ஆயிரம் ஆனது. நம் மனசு மட்டும் இன்னும் நூறு ரூபாய்க் காலத்திலேயே நிற்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பக்கத்து வீட்டு மதினிதான் முதலில் யோசனை சொன்னாள். "தண்டல்காரர் வெள்ளிக்கிழமை வருவாகல்ல, ஒரே மூச்சா வாங்கிக் கட்டிப்புடு. கவர்மெண்டு கடன் வச்சுக்கிட்டா தூக்கம் வராது."

தண்டல் எனக்குப் புதிது இல்லை. பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மார்ச்சில் வாங்கினால் நூறு நாளில் பெரும்பகுதி தடைக்காலத்தில் விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு போகும், மீன் வரும், ஆனால் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். கையில் முதல் இருக்கிறவர்களுக்கு அது லாபம். என்னைப் போல அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கு விற்கிறவளுக்கு, பாதிப் பெட்டி மீனுக்கே பணம் போதாது. அந்த நாளில் நூறு ரூபாய் தண்டல் என்பது உலையில் போடும் அரிசி.

ராத்திரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று விளங்கியது. அபராதத்துக்கு வட்டி கிடையாது. நாள் தள்ளினால் தொகை குட்டி போடாது. ஆனால் தேதி உண்டு. தேதியைத் தாண்டினால் வேறு விதமான தொல்லை வரும். அப்படியானால் வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது என்ன கணக்கு? மதினியிடம் சொன்னேன். "நீ படிச்சவ, ஏதோ சொல்ற" என்று போய்விட்டாள்.

முதல் வேலையாக இன்சூரன்ஸ் போட்டேன். அபராதத்தைக் கட்டுவதற்கும் முன்னால். இதில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். 2,000 கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக அதே வண்டியை இன்சூரன்ஸ் இல்லாமல் எடுத்தால் அடுத்த தடவை 4,000. என் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டால் ஆயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. யார் மேலாவது இடித்துவிட்டால் வரும் கேஸைப் பற்றி நினைத்தால் அந்த ஆயிரம் ஒன்றுமே இல்லை. இன்னொன்று, காகிதத்தை மீன் பெட்டியோடு எடுத்துப் போனால் மூன்றே மாதத்தில் கூழாகிவிடும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் ஒன்றில் போனில் வைத்திருந்து காட்டினால் போதும், அது செல்லும்.

அடுத்தது, சின்ன சலான்கள் மூன்று. பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரும், சேஸிஸ் நம்பரில் கடைசி ஐந்து எழுத்தும் போட்டால் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தனித்தனியாகப் பணம் கட்டும் இடம் இருக்கும். ஒரு சலானுக்குள் பாதி கட்ட முடியாது. ஆனால் எல்லா சலானையும் ஒரே நாளில் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லைதான், ஆனாலும் 15,000 என்று ஒரே தொகையாகக் காதில் விழுந்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை. மார்ச் கடைசியில் ஓர் ஆயிரம், ஏப்ரல் முதல் வாரத்தில் ஓர் ஆயிரம், தடைக்காலம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் 2,000. ஒவ்வொரு ரசீதையும் அச்செடுத்து வைத்தேன். கட்டுவதற்கு முன்னால் சலானில் இருக்கும் படத்தைப் பாருங்கள். நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்து மாறி அடுத்தவர் தப்பு நம் தலையில் விழுவதும் நடக்கிறது. அப்படியானால் கட்டாமல் அங்கேயே புகார் பதியலாம்.

நடுவில் ஒரு கூத்து. மகனின் போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வண்டிக்கு அபராதம் இருக்கிறது, இதை இறக்கிப் பார்க்கவும் என்று கீழே ஒரு ஏபிகே கோப்பு, அதாவது தொட்டால் போனில் ஒரு செயலியை ஏற்றிவிடும் கோப்பு. எங்களுக்குத்தான் நிஜமாகவே அபராதம் இருந்ததே! அதனால் சந்தேகமே வரவில்லை. விரல் அதன்மேல் போய்விட்டது. நல்லவேளை, சிக்னல் இல்லை. எங்கள் பக்கத்தில் சிக்னல் இல்லாமல் போனதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான். அடுத்த தெருவில் ஒருவர் அதைத் தொட்டு, வங்கிக் கணக்கில் இருந்ததை இழந்துவிட்டார். அபராதத்தைப் பார்க்க எதையும் போனில் இறக்கத் தேவையில்லை. நாமே தளத்துக்குப் போய்ப் பார்ப்பதுதான். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சம் இருந்தது பதினோராயிரம். அது தளத்தில் ஒரே கட்டி. உடைக்க வழியில்லை. தடைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் குடும்பத்துக்கு இரண்டு மாதச் சாப்பாட்டுப் பணம், அதில் கை வைக்க முடியாது. இழுத்துக்கொண்டே இருந்தோம். மே மாதம் சம்மன் வந்துவிட்டது, எனக்கும் மகனுக்கும் தனித்தனியாக.

சம்மன் என்ற சொல்லே எங்கள் வீட்டில் சாவுச் செய்தி மாதிரி. வீட்டுக்காரர், "போகாம இருந்துட்டா என்ன?" என்றார். போகாமல் இருந்தால் பிடியாணை வரலாம். எனக்குப் பயம்தான். ஆனால் குழுக் கூட்டத்தில் ஒரு தடவை இலவச சட்ட உதவி பற்றி வந்து பேசியிருந்தார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வழக்கறிஞரை இலவசமாக வைத்துக்கொடுப்பார்கள், 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம் என்று சொன்னது நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது. வாய்தாவுக்கு நான்கு நாள் முன்னாலேயே போய் நின்றேன்.

எங்களுக்குக் கொடுத்த வக்கீல் சின்னப் பெண், என் தங்கை வயது இருக்கும். "அக்கா, குத்தம் செஞ்சீங்களா இல்லையா, அதை மொதல்ல சொல்லுங்க" என்றாள். செய்தோம் என்றேன். "அப்ப வாதாடி நாளைக் கடத்த வேணாம். ஒத்துக்கிட்டுத் தவணை கேப்போம். சட்டத்துல எடம் இருக்கு."

இடம் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அபராதம் மட்டும் தண்டனையாக விதித்து, கட்டாவிட்டால் சிறை என்று சொல்லும்போது, உடனே கட்ட முடியாதவருக்கு நீதிமன்றம் முப்பது நாள் வரை அவகாசம் கொடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு அல்லது மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுக்கலாம். முதல் தவணை முப்பது நாளுக்குள். அடுத்தடுத்த தவணைகளுக்கு நடுவிலும் முப்பது நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 424-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 464. சொன்ன தேதியில் வருவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஜாமீன்தாரரும் கேட்கலாம். தவணை தவறினால் அந்தச் சிறைத் தண்டனையை உடனே நிறைவேற்ற உத்தரவிடலாம். "கொடுக்கணும்னு கட்டாயம் இல்லைக்கா, கொடுக்கலாம்னுதான் இருக்கு. நம்ம கேக்குற விதத்துல இருக்கு" என்றாள்.

இதை எல்லோருக்கும் ஏற்ற வழி என்று நான் சொல்ல மாட்டேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினதற்கு மூன்று மாதம் வரை சிறையும் போட மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கையில் பணம் இருந்தால் சலானாக இருக்கும்போதே கட்டி முடிப்பதுதான் உத்தமம். என்னிடம் இல்லை, அதனால் அங்கே போய் நின்றேன்.

முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாய்தா மே 20. முப்பது நாள் என்றால் ஜூன் 19. தடை முடிந்து படகு போவது ஜூன் 15. அதாவது முதல் தவணைக்கு முன்னால் எனக்கு மூன்று நாள் வியாபாரம் கிடைக்கும். இரண்டாவது ஜூலை நடுவில், மூன்றாவது ஆகஸ்ட் நடுவில். 4,000, 4,000, 3,000. மாதத்தில் 26 நாள் வியாபாரம், நாளைக்கு 160 ரூபாய் எடுத்து வைத்தால் 4,160. இதை ஒரு வெள்ளைத் தாளில் தேதியும் தொகையுமாக எழுதி வக்கீலிடம் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டு மனுவோடு சேர்த்துக்கொண்டாள்.

கூண்டில் நின்றது மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார் மாஜிஸ்திரேட். ஒப்புக்கொண்டோம். தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். லைசென்ஸ் விஷயத்தில் சட்டமே 5,000 என்று தொகையை எழுதிவிட்டதால் அது நடக்காது என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தாள். மனுவைப் படித்துவிட்டு, "தடைக்காலம் முடிந்தால் கட்டிவிடுவீர்களா?" என்றார். "கட்டிருவேன் ஐயா, தேதி எழுதியிருக்கேன்" என்றேன். மகனைப் பார்த்து, "நீ என்ன செய்யப்போகிறாய்?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வேலைக்குப் போறேன் சார்" என்றான். நான் சொல்லிக் கொடுக்காத பதில் அது. மூன்று தவணை கொடுத்தார். மதினிதான் ஜாமீன் கையெழுத்துப் போட்டாள். தண்டல் வாங்கச் சொன்ன அதே மதினிதான்.

மகன் சொன்னபடி ஐஸ் கம்பெனிக்குப் போனான். ஆனால் தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனியில் என்ன வேலை இருக்கும்? வாரத்துக்கு இரண்டு நாள் கூப்பிட்டார்கள். மிச்ச நாள் கருவேல மூட்டத்துக்குக் கரி மூட்டை தூக்கப் போனான். ராத்திரி வந்து குளித்தால் தண்ணீர் கறுப்பாக ஓடும். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. ஜூன் 18 அன்று அவன் கொடுத்தது 2,500, என் மூன்று நாள் வியாபாரத்தில் எடுத்தது 1,500. மறுநாள் போய்க் கட்டினோம்.

160 ரூபாய் போடுவதற்கு ஒரு பால்பவுடர் டப்பா. மூடியை பசைநாடா போட்டு ஒட்டி, நாணயம் போகிற அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து வைத்தேன். ஏலத்துக்கு எடுத்த முதலைத் தனியே வைத்த கையோடு டப்பாவுக்குப் போட்டுவிட வேண்டும், வீட்டுச் செலவு அதற்கு அப்புறம்தான். மிஞ்சினால் போடலாம் என்று வைத்தால் மீன் வியாபாரத்தில் எந்த நாளும் மிஞ்சாது.

இரண்டாவது தவணைதான் காலை வாரப் பார்த்தது. ஜூலையில் இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்ததற்காக வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டார்கள். எங்கள் கடலில் இது வருஷத்தில் எத்தனை தடவை நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் 26 நாள் என்று போட்ட கணக்கில் அதற்கு இடமே வைக்கவில்லை. அதுதான் என் தப்பு. தவணைக்கு முந்தின நாள் டப்பாவை உடைத்தால் 2,560. குழுவில் உள்கடனாக 1,500 எடுத்தேன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. தண்டலைவிட எவ்வளவோ மேல். இப்போது யாராவது என்னிடம் கேட்டால், நல்ல மாதத்தை வைத்துத் தவணைக் கணக்குப் போடாதே, மோசமான மாதத்தை வைத்துப் போடு என்பேன். பணம் முழுசாக இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் நீதிமன்றத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று வக்கீலும் சொல்லியிருந்தாள். போகாமல் இருப்பதுதான் பெரிய குற்றமாகிவிடும்.

ஆகஸ்டில் கடைசி 3,000. கட்டி முடித்த பத்து நாளைக்கு அப்புறம் தளத்தில் பார்த்தால் அந்தப் பதினோராயிரம் அப்படியே நிலுவை என்று நிற்கிறது. வயிறு எரிந்தது. நீதிமன்றத்தில் கட்டியது தளத்தில் தானாகவே உடனே ஏறிவிடுவதில்லை போலிருக்கிறது. ரசீதுகளின் நகலை எடுத்துக்கொண்டு சலான் போட்ட இடத்திலேயே போய்க் கொடுத்தேன். அப்புறம் இரண்டு வாரத்தில் மாறியது. அது மாறும் வரைக்கும் மூன்று ரசீதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். நிலுவை நின்றால் பேர் மாற்றுவது மாதிரியான வேலைகளும் நடக்காமல் முட்டிக்கொள்ளும்.

ஹெல்மெட் இப்போது போடுகிறேன். வெயிலில் உச்சந்தலை வேகிறது, அதை மறைப்பானேன். கீழே ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு போட்டால் வேர்வை கண்ணில் இறங்குவதில்லை. வீடு வீடாக இறங்கி ஏறும்போது கழற்றிக் கழற்றி மாட்டுவது தொல்லைதான். பெருங்குளத்தில் ஒரு பாட்டி முதல் நாள் என்னை அடையாளம் தெரியாமல், "யாரு தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

மகன் எல்எல்ஆர் எடுத்து ஒரு மாதம் ஆனதும் லைசென்ஸ் பரீட்சைக்குப் போனான். பட்டணங்காத்தானில் எட்டுப் போடும்போது முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட்டான். மறுபடி தேதி வாங்கியிருக்கிறான். அதுவரைக்கும் வண்டிச் சாவி என் இடுப்பில், அவனுக்கு பஸ்.